இரண்டாம் வாசலில் கேட்ட சத்தம்

அக்காவின் கணவர் நடத்தும் மேஜிக் ஷோ தொடங்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு பார்கோடு ஸ்கேனர்களையும் மறுபடி துடைத்தாள். மூடிப்போன ஒரு மீன் கடையிலிருந்து அத்தான் அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தவை. விசையின் இடுக்கில் யார் யாருடைய விரல் அழுக்கோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அழுக்கு போயிற்று. நாற்றம் போகவில்லை.

டிக்கெட் வேலைக்கு வெளி ஆள் எதற்கு, வீட்டிலேயே ஒரு விஞ்ஞானி இருக்கும்போது என்று அத்தான்தான் அவளை இதில் இழுத்துவிட்டார். அவள் முந்நூறு டிக்கெட்டுக்கும் தனித்தனி பார்கோடு போட்டாள். லேப்டாப்பில் ஒரு சின்ன புரோகிராமும் எழுதினாள். புது டிக்கெட் என்றால் திரை பச்சையாகும்; ஒருமுறை வந்த டிக்கெட்டே திரும்ப வந்தால் சிவப்பாகும். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அத்தானுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் மென்றுகொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவருக்கும் இதில் ஆர்வம் இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதல் வாசலில் அவளும் லேப்டாப்பும். இரண்டாம் வாசலில் அக்கா. அந்த வாசலின் கம்ப்யூட்டர் ஆபீஸ் ரூமில் இருக்கிறது, உன் புரோகிராமையும் அதில் போட்டாயிற்று, வயரை நானே இழுத்துவிட்டேன் என்றார் அத்தான். சத்தம் வந்தால் உள்ளே விடு, வராவிட்டால் விடாதே என்று அக்காவுக்குப் பாடம் நடத்தினார். அக்கா தலையாட்டினாள்.

கதவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே லேப்டாப் திரை சிவந்தது. அத்தான் காசு வாங்கிக்கொண்டு போனில் அனுப்பிய டிக்கெட் படத்தோடு ஒரு குடும்பம் நின்றது. அதே படம், அதே எண், ஏற்கெனவே உள்ளே போயாயிற்று. பின்னால் வந்தவருக்கும் சிவப்பு. அடுத்தவருக்கும். அத்தான் ஓடி வந்தார். வியர்வைக்கு மேல் அடித்த சென்ட் வாடை அவள் தொண்டையை அடைத்தது.

"விஞ்ஞானியோட மெஷின் கொஞ்சம் கோவக்கார மெஷின் சார். நீங்க அந்த வாசலுக்கு வாங்க" என்று குடும்பத்தலைவரின் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். அங்கே ஸ்கேனர் சமர்த்தாகக் கத்தியது. சிவப்பானவர்கள் எல்லாரும் அந்த வழியாகவே போனார்கள்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. நாற்காலிக்கு ரெண்டு பிள்ளைகள், நடைபாதையில் பெரியவர்கள். அவசர வாசலை மறித்து ஒரு கூட்டம். ஒரு குழந்தை வாந்தியெடுக்க, அதை மிதித்துக்கொண்டே இன்னும் ஆட்கள் வந்தார்கள். அரங்க மேனேஜரம்மா விளக்கைப் போடச் சொல்லி, ஷோவை நிறுத்தினார். யார் இத்தனை பேரை விட்டது என்று கேட்டார்.

அவள் இரண்டாம் வாசலுக்குப் போனாள். அக்காவின் பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேனரிடம் காட்டினாள். பீப் என்றது. மேஜைக்கு அடியில் கைவிட்டு வயரைத் தடவிக்கொண்டே போனாள். யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம் விரலில் அப்பியது. வயர் சுவர்வரை போய் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

திரும்பி வந்தபோது அத்தான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். "எம் பொண்டாட்டிதான் மேடம் அந்த வாசல்ல நின்னா. மிக்ஸி போடவே ரெண்டு தடவை யோசிக்கிறவ. சத்தம் வராமலே விட்டிருப்பா. நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"எல்லாருக்கும் கத்திச்சுங்க" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து.

அப்படியானால் போலீஸ் புகாரில் இந்தம்மா பெயரைத்தான் எழுத வேண்டும் என்றார் மேனேஜரம்மா. அத்தான் மறுக்கவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

நாலு பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. விரலில் சூயிங்கம் இன்னும் ஒட்டியிருந்தது.

"அந்த வயர் ஆபீஸ் ரூமுக்குப் போகல மேடம். எந்தக் கம்ப்யூட்டருக்கும் போகல. அத்தானோட போன் சார்ஜர்ல சொருகியிருக்கு. கம்ப்யூட்டர் இல்லாட்டியும் இது கத்துமான்னு போன வாரம் சாப்பிடும்போது என்கிட்ட கேட்டுக்கிட்டுதான் சொருகினார்."