மின்கா அத்தையின் நாற்பது நாள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் மரச்சாமான் தொழிற்சாலைக்கு ரலிட்சா பதில் சொல்ல வேண்டும். குமாஸ்தா வேலைக்கு வருகிறாளா, இல்லையா. வருகிறேன் என்றால் சமையலறையில் முகக் கிரீமுக்காகச் சாமந்திப் பூவை எண்ணெயில் காய்ச்சுவது அத்தோடு நின்றுவிடும். கணவன் ப்ளாமெனோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஞாயிறு மாலைக்குள் முப்பது டப்பா கிரீம் விற்றால் தொழிற்சாலை வேண்டாம். இருபத்தொன்பது என்றால் வேண்டும்.

"இருபத்தொன்பதரை வித்தா?"

"அரை டப்பாவை எவன் வாங்குவான்?" என்றான் ப்ளாமென். அவன் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு நிமிடம் முந்தவும் மாட்டான், பிந்தவும் மாட்டான்.

மூன்று வருடமாகக் காய்ச்சுகிறாள். வாங்கியதெல்லாம் உறவுக்காரர்கள்தான். ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுவது எப்படி என்று தலைநகர் சோஃபியாவில் ஒருவர் இணையத்தில் பாடம் நடத்தினார். ரலிட்சா அதைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எது இழுக்கிறது என்று சோதிக்க இரண்டு விளம்பரம் போடு. இரண்டிலும் ஒன்றே ஒன்றுதான் வேறாக இருக்க வேண்டும். ஐந்து நாள் தொடாதே. வார்த்தையைக் குறை.

குறைத்தாள். "மின்கா. 68 வயது. நாற்பது நாள்." அவ்வளவுதான் மேலே. தினமும் இரவில் ஒரு விரல் கிரீம் என்பதெல்லாம் அடியில், தட்டினால்தான் தெரியும். ஒரு விளம்பரத்தில் டப்பாவின் படம். மற்றதில் முகம். இரண்டுக்கும் கறுப்புச் சட்டம் போட்டாள். கறுப்பு கௌரவமாக இருந்தது. சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிற தூரம் என்பதால் த்ரோயான் ஊருக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் மட்டும் காட்டச் சொன்னாள்.

முகம் ப்ளாமெனின் அத்தை மின்காவுடையது. நாற்பது நாள் விடாமல் பூசியவள் அவள் ஒருத்திதான். ஆனால் புதிதாகப் படம் எடுக்க ஒப்பவில்லை. பீரோவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நீலச் சட்டை, சுருட்டிய முடி, நேர்ப் பார்வை.

"இதைப் போடு. இருக்கிறதிலேயே நல்ல போட்டோ."

"எப்ப எடுத்தது, அத்தை?"

"போன வருஷம். முடியெல்லாம் செட் பண்ணிட்டுப் போய் எடுத்தேன்."

"எதுக்கு?"

"ஒரு காரியத்துக்கு. உனக்கென்ன, போடு."

கிரீம் பூசுவதற்கு முன்பு எடுத்த படம். ரலிட்சாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. நேரம் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை இரண்டையும் வெளியிட்டாள்.

புதன் காலை எழுந்து பார்த்தாள். டப்பாவை நான்கு பேர் தட்டியிருந்தார்கள். முகத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. பின்னூட்டங்களைத் திறந்தாள்.

"நம்பவே முடியல."

"நாற்பது நாளா? அதுக்குள்ளயா!"

"சந்தையில பாத்தது நேத்து மாதிரி இருக்கு. முகம் அப்படியே பளபளன்னு இருந்துச்சு."

ரலிட்சா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான்காவது பின்னூட்டம், "கடவுள் அவளை மன்னிக்கட்டும்." செத்தவர்களுக்குச் சொல்வது. அதற்கு அடுத்த நாற்பதும் அதுவே. இடையில் மெழுகுவர்த்திப் படங்கள்.

நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவில் சாவு அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஏழு, மின்கம்பத்தில் இரண்டு. கறுப்புச் சட்டம், படம், பெயர், வயது. செத்த நாற்பதாம் நாளுக்கு மறுபடி ஒட்டுவார்கள்; அதில் நாற்பது நாள் என்று போட்டிருக்கும். பிறந்ததிலிருந்து தினமும் இவற்றைக் கடந்துதான் போய்வந்திருக்கிறாள்.

போன் அடித்தது. ப்ளாமென்.

"பணிமனையில எல்லாரும் வந்து கையைப் புடிச்சுட்டுப் போறாங்க. என்னடி பண்ணித் தொலைச்சே?"

"விளம்பரம்."

"எங்க அத்தையைக் கொன்னுட்டியே."

"எத்தனை பேரு கையைப் புடிச்சாங்க?"

"அதுதான் இப்ப முக்கியமா?"

அடுத்த அழைப்பு அத்தையிடமிருந்தே.

"அடியே, வாசல்ல கான்ச்சோ நிக்கிறான். கையில பூவோட."

கான்ச்சோ ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவியை இழந்தவர்.

"நல்லதுதானே அத்தை..."

"ஆறு பூவுடி. எண்ணிட்டேன். உசுரோட இருக்கிறவளுக்கு எவனாவது ரெட்டைப்படையில பூ கொண்டு வருவானா? என்னைப் பாத்து அவனுக்கு வேர்த்துக் கொட்டுது. வா இங்க."

ரலிட்சா சைக்கிளை எடுத்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டிய மன்னிப்பை ஒத்திகை பார்த்தாள். அங்கே கான்ச்சோ சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை மூக்குக்கண்ணாடியோடு போனில் குனிந்திருந்தாள்.

"அத்தை, இப்பவே எடுத்துடறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சுருவேன். தோத்கா என்ன எழுதியிருக்கா பாரு. 'தங்கமான மனுஷி.' பதினோரு வருஷமா வால்நட் மரத்துக்காக என்கூடப் பேசாதவ. எழுதியிருக்கா, தங்கமான மனுஷின்னு."

"நீங்க உசுரோட இருக்கீங்கன்னாவது ஒரு வரி போடறேனே."

"ப்ளோவ்திவ்ல இருக்கிற என் சித்தப்பா பொண்ணு இன்னும் எழுதல. அவ எழுதட்டும், அப்புறம் போடு."

"அது என்ன காரியத்துக்கு எடுத்த போட்டோ, அத்தை?"

அத்தை நிமிரவில்லை. "கதவுல ஒட்டுற தாளுக்குத்தான். வேற எதுக்கு முடியைச் சுருட்டுவேன்?"

கான்ச்சோ இருமினார்.

வியாழக்கிழமை முகத்தைத் தட்டியவர்கள் அறுநூறு. ஆர்டர் பூஜ்யம். செத்துப்போனவளின் கிரீமை யாரும் கேட்கவில்லை. ரலிட்சா தொழிற்சாலைக்குப் போட்டுப் போக ஒரு பாவாடையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

அன்று மாலை தோத்கா வந்தாள். கையில், செத்தவர்களுக்காகக் கொடுக்கிற சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை, மெழுகுவர்த்தி. மின்கா கதவைத் திறந்தாள். தோத்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"உள்ள வா. கோதுமை ஆறிடும்."

"நீ... சாகலையா?"

"உனக்கு அவசரமா?"

"இல்ல... நான் என்னமோ... முகமெல்லாம் நல்லா இருக்கேன்னு பாத்தேன்."

"கிரீம். ஒண்ணு எடுத்துக்கிறயா?"

தோத்கா இரண்டு எடுத்துக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்து, இறந்தவள் கையால் உபசாரம் வாங்கித் தின்றவள் வெறுங்கையோடு எழுந்து போக முடியாது. வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். அத்தை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் திகைத்தார்கள், சிவந்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். அவள் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். கான்ச்சோ உள்ளேயிருந்து டப்பா எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை, கேள்விப்பட்டவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களும் வாங்கினார்கள். ரலிட்சா பழைய ஜாம் பாட்டில்களைக் கழுவி அதில் நிரப்பினாள். ப்ளோவ்திவ் சித்தப்பா பெண் கடைசிவரை எழுதவில்லை. அன்று மாலை அத்தையே ஒரு வரி போடச் சொல்லிவிட்டாள்: "இருக்கிறேன். மின்கா."

ஞாயிறு மாலை ப்ளாமென் கணக்கைக் கேட்டான். நோட்டில் இரண்டு விளம்பரங்களுக்கும் நேரே ஆர்டர் பூஜ்யம் என்று இருந்தது. கீழே தனியாக: அத்தையின் வாசல், முப்பத்து நான்கு.

"ரெண்டு விளம்பரம் போட்ட பரீட்சையில என்ன தெரிஞ்சுது?"

"தெரியல."

"தொழிற்சாலை?"

"அரை டப்பா பிரச்சினையே வரலையே," என்றாள் ரலிட்சா. பாவாடையை மடித்து உள்ளே வைத்தாள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு தொழிற்சாலைக்குப் போன் செய்து, வரவில்லை என்றாள். எட்டு ஐந்துக்கு அத்தை கூப்பிட்டாள்.

"என் போட்டோவைக் கெடுத்து வச்சுட்டே. இனி அதை ஒட்டினா ஒருத்தனும் நம்பமாட்டான். கிரீம் விக்கிறாங்கன்னு நெனைச்சு சாவுக்கே வரமாட்டாங்க. புதுசா எடுத்துக் கொடு."

ரலிட்சா போனபோது அத்தை முடி சுருட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடம் முந்தைய படத்தைவிட இப்போதுதான் கன்னம் வழுவழுப்பாக இருந்தது. இது கிரீமா, கான்ச்சோவா என்பதை அறிய வழியில்லை. இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மாறியிருந்தது.

"இதை விளம்பரத்துக்கும் போட்டுக்கட்டுமா, அத்தை?"

"போட்டுக்கோ. சட்டம் மஞ்சள்ல போடு."

அத்தை எழுந்து ஜாடிக்குப் போனாள். கான்ச்சோ அன்று காலை கொண்டுவந்த பூக்கள் அதில் இருந்தன. ஐந்து. அவற்றில் மூன்றை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"மூணும் தெரியுதா பாரு," என்றாள். "எண்ணிப் பாப்பாங்க."