அடித்தளத்தில் ஏறும் பயணி

முதுகலை ஆய்வுக்காக அவள் தன் துறைக் கட்டடத்தின் லிஃப்டை, எந்தப் பாகம் எதோடு சேர்ந்து இயங்குகிறது என்று கணினியில் மாதிரியாக வரைந்துகொண்டிருந்தாள். மாதிரியும் நிஜ லிஃப்டின் பதிவுகளும் ஒத்துப்போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உதைத்தது. தினமும் பகல் பன்னிரண்டேகாலுக்கு, பூட்டிக் கிடக்கும் அடித்தளத்தில் லிஃப்ட் நின்று, ஐம்பத்திரண்டு கிலோ ஏறியதாகப் பதிவு. கேமராவில் ஈ, காக்கா இல்லை.

"சென்சார் கோளாறு. விட்டுத் தள்ளும்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

"கோளாறு மணி பார்த்தா சார் வரும்?"

மறுநாள் அதே நேரத்துக்கு அவளே லிஃப்டில் நின்றாள். அடித்தளத்தில் கதவு திறந்தது. எதிரே ஆளில்லாத இருட்டு. காலடியில் தரை லேசாக அமுங்கியது. எடைகாட்டியில் அவளுடைய அறுபது நூற்றுப்பன்னிரண்டானது. ஓடலாமென்றால் கதவு மூடிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், ஓரமாக ஒதுங்கி இடம்விட்டாள். நான்காவது மாடியில்தான் எடை குறைந்தது.

சாயங்காலம் மாதிரியில் 'பயணி' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

பேராசிரியர் திரையை உற்றுப் பார்த்தார். "யாரும்மா இது?"

"தெரியல சார். நம்ம மாடியிலதான் இறங்குறாங்க."