மாடியில் நின்ற நீர்

என் படுக்கையறையில் மழை பெய்கிறது என்பதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்குப் பதினோரு நாள்கள் பிடித்தன. முதல் நாள் தலையணைமேல் விழுந்த துளியை வியர்வை என்றேன். நான்காம் நாள் கூரையின் அடிப்பக்கத்தில் தோன்றிய பழுப்புத் திட்டை நிழல் என்றேன். பதினோராம் நாள் என் மனைவி ஒரு வாளியையும் இரண்டு பாத்திரங்களையும் கட்டிலைச் சுற்றி வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"இதையும் நிழல்னு சொல்லுங்க, பாக்கலாம்."

வாளியில் நீர் சொட்டும் ஓசையைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைக் குடைந்தது, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சிரிப்பொலி. அது என் சகலையின் வீடு. என் மனைவியின் தங்கையைக் கைப்பிடித்த அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இரண்டு மனைகளையும் ஒரே நாளில் வாங்கினோம். ஒரே வரைபடத்தை இடம்வலமாக மாற்றிக் கட்டினோம். ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே கொத்தனார், ஒரே லாரியில் வந்து இறங்கிய மணல். அப்படியிருந்தும், மழை நாளில் அவர் தம் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். நான் என் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதனைப் பொறாமை என்பாரும் உளர். நான் அதனை நியாய உணர்வு என்றே அழைத்துவந்தேன்.

கூரையோடு போயிற்றா? இல்லை. என் வீட்டுச் சன்னலைத் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மூட முடியும். என் மைத்துனியோ ஒருநாள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துச்சென்று, "அத்தான், இங்க பாருங்களேன், ஒரே விரல்ல சாத்துது" என்று சாத்தியும் காட்டினாள். வஞ்சகம் அறியாதவள். அதனாலேயே அது இன்னும் சுருக்கென்று தைத்தது.

ஒப்பந்தக்காரரை ஊரே 'ரசமட்டம்' என்றுதான் அழைக்கும். தளம் சமமாக இருக்கிறதா என்று குமிழி ஓட்டிக் காட்டும் அந்தக் கருவி எந்நேரமும் அவர் கையில் இருக்கும். சகலையின் வீட்டில் அதனை வைத்தும் எடுத்தும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். என் வீட்டில் அதனை உறையிலிருந்து எடுத்தாரா என்பதே ஐயம். காரணமும் எனக்குத் தெரிந்ததுதான். சகலை சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அவரோடு தேநீர் குடிப்பார். பேருந்துக் கதைகளைச் சொல்லி அவரை வயிறு குலுங்கச் சிரிக்கவைப்பார். நானோ அவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளிலிருந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். எவர் வீட்டில் அவர் கை கூடுதலாக வளையும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆகவே, எங்களுக்கு மனை விற்ற வீட்டுவசதிச் சங்கத்துக்கு நான்கு பக்கங்களில் ஒரு புகார் எழுதினேன். என் கோரிக்கைகள் இரண்டு. பக்கத்து வீட்டின் கூரைக்கு எவ்வகையிலும் குறைவுபடாத கூரையை எனக்கு அமைத்துத் தரவேண்டும். சங்கத்தின் ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து ரசமட்டத்தின் பெயரை நீக்கவேண்டும். என் மனைவி அதனை முழுவதும் படித்தாள்.

"பக்கத்து வீடு, பக்கத்து வீடுன்னு பதினேழு தடவ வருது. நம்ம வீடு ஒழுகுதுன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

"மூணாம் பக்கத்துல இருக்கு."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு வாளியைக் கொட்டப் போனாள்.

புகார் அனுப்பிய பத்தாம் நாள் சங்கத்தின் பொறியாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி, வீண்பேச்சுப் பேசாதவர். அவர் பின்னால் ரசமட்டம், ஒளி ஊடுருவும் நெகிழி உறையொன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போலத் தயங்கித் தயங்கிப் படியேறினார். என் மனைவியும் ஏறினாள். இரண்டு மாடிகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அதன் அந்தப் பக்கத்தில் சகலையும் மைத்துனியும், அழைக்காமலேயே, முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

பொறியாளர் ஒரு வாளி நீரைத் தளத்தில் கவிழ்த்தார். மழைநீர் இறங்கும் குழாயை நோக்கி ஓடவேண்டிய நீர், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டின் பக்கம் சென்றது. குழாயின் வாய், தளத்தைவிட ஒரு கட்டைவிரல் உயரத்தில் இருந்தது.

"குழாய் கொஞ்சம் தூக்கலா உக்காந்துடுச்சு மேடம்" என்றார் ரசமட்டம்.

"கொஞ்சமா? தண்ணி ஏணி வெச்சு ஏறித்தான் இதுல இறங்கணும்."

என் உள்ளம் குளிர்ந்தது. "மேடம், அந்த மாடியையும் ஒருதரம் பாத்துடுங்க. வித்தியாசம் உங்களுக்கே புரியும்" என்றேன்.

அவர் நடுச்சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினார். அங்கும் ஒரு வாளி நீர் கவிழ்ந்தது. அங்கும் அந்நீர் படிக்கட்டின் பக்கமே ஓடிற்று. அங்கும் குழாயின் வாய் கட்டைவிரல் உயரத்திலேயே இருந்தது!

"ரெண்டு வீட்டுலயும் ஒரே தப்பு" என்றார் பொறியாளர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: என் கூரை ஒழுகத் தொடங்கிய நாளிலிருந்து அத்தகைய மகிழ்ச்சியை நான் அடைந்ததில்லை. சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால், அம்மகிழ்ச்சி ஒரு நிமிடந்தான் நீடித்தது. பொறியாளர் மண்டியிட்டு, அந்தத் தளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் மாடிக்குத் திரும்பி இங்கும் தடவினார். இங்கே, தலைமயிர் பருமனில் தொடங்கிய விரிசல்கள் நான்கு திசைகளிலும் கிளை விட்டிருந்தன.

"அங்க தண்ணி தேங்கினாலும் கீழ இறங்கல. ஒரு கீறல்கூட இல்ல. ஒரே ஆளு, ஒரே கலவை. அப்புறம் எப்படி?" அவர் சகலையைப் பார்த்தார். "கான்கிரீட் போட்டதும் எத்தன நாள் தண்ணி நிறுத்துனீங்க?"

புதிதாகக் கான்கிரீட்டு வார்த்த கூரையின்மீது, சிமெண்டுக் கலவையால் சிறு வரப்புகள் எழுப்பிப் பாத்தி கட்டுவார்கள். அப்பாத்திகளில் கணுக்காலளவு நீரைப் பதினான்கு நாள்கள் நிறுத்துவார்கள். அந்நீரைக் குடித்துத்தான் கான்கிரீட்டு இறுகும். குடிக்கவிடாமல் உலரவிட்டால் வெடிக்கும்.

"பதினாலு நாள் மேடம்" என்றார் சகலை. "காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ நானே பைப்பப் புடிச்சேன். 'மாடியில மீன் வளக்கறீரா சகலை'ன்னு அவருகூடக் கேட்டாரே!"

கேட்டேன்தான். பொறியாளர் ரசமட்டத்தின் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல?"

ரசமட்டம் அக்குளில் இருந்த நெகிழி உறையை இன்னும் இறுக்கினார். அப்பொழுதுதான் அதனுள்ளே மடித்து வைத்திருந்த தாள் என் கண்ணில் பட்டது. நீல மை, கோடு போட்டதுபோல் நேரான வரிகள். அந்தக் கையெழுத்தை அடையாளம் காண எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

வீடு கட்டியபோது, என் கூரையில் நீர் நிறுத்திய ஆறாம் நாள் அது. சகலை எந்த நாளில் குடிபுகப்போகிறார் என்பது அன்றுதான் என் காதுக்கு எட்டியது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கூரையில் பதினான்கு நாள்களும் நீர் நின்றால், அதன் பிறகுதான் மாடியின் கைப்பிடிச்சுவரைத் தொடங்க முடியும். அவருக்குப் பின்னால்தான் நான் குடிபோக முடியும். உடனே உட்கார்ந்து எழுதினேன்: 'மாடியில் தேங்கியுள்ள நீரை இன்றே வடித்துவிட்டு, கைப்பிடிச்சுவர் வேலையை நாளைக் காலையிலேயே தொடங்குமாறு பணிக்கிறேன். தாமதம் நேரின் தாங்களே பொறுப்பு.' கையொப்பமும் நாளும் இட்டேன். "ஐயா, இன்னும் எட்டு நாள் நிக்கணுங்க" என்று ரசமட்டம் கெஞ்சினார். "கட்டறது உங்க வேலை, நாள் குறிக்கறது என் வேலை" என்றேன். தேர்வு முடியும் மணி அடிக்கும் முன்னால் எந்த மாணவனிடமிருந்தும் விடைத்தாளைப் பிடுங்காத நான், அந்தக் கூரையிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். சகலைக்கு ஏழு நாள்கள் முன்னதாகக் குடியேறினேன். அந்த ஏழு நாள்களும் மாலைதோறும் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, அவர் வீட்டில் இன்னும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அதற்கு ஈடான இன்பம் அதன்பின் எனக்குக் கிட்டவில்லை.

அந்தத் தாளைச் சுத்தமாக மறந்திருந்தேன். அல்லது மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் மேடம், ஆறு நாள்ல தண்ணிய வடிச்சுட்டேன்" என்றார் ரசமட்டம். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆறு நாளா? இத்தன வருசம் வேலை பாத்துட்டு இது தெரியாதா உங்களுக்கு? அப்ப இவரு கேக்கறது நியாயம். பட்டியல்ல இருந்து பேர எடுத்துட வேண்டியதுதான்." அவர் பேனாவைத் திறந்தார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். புதுக்கூரை கிடைக்கும்; என் புகாரின் ஒவ்வோர் எழுத்தும் வெல்லும்; என் மனைவிக்கு எதுவும் தெரியவராது. ரசமட்டத்துக்கு இனி இந்தச் சங்கத்தில் ஒரு செங்கல்கூட வைக்க வாய்ப்பிருக்காது. தரையில் ஊர்ந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பொழுது நடுச்சுவருக்கு அப்பாலிருந்து சகலை கையைத் தூக்கினார், வகுப்பறையில் தூக்குவதைப் போல.

"மேடம், எழுதறதா இருந்தா என் பேர எழுதுங்க. தப்பு என்னோடதுதான். நான்தான் அப்ப சகலையச் சீண்டினேன். 'நான் முன்னாடி ஏறிடுவேன், நீங்க அடுத்த வண்டியில வாங்க'ன்னு. அந்த வேகத்துல அவரு அவசரப்படுத்தியிருப்பாரு. இந்த மனுசனும் பாவம், மறுத்துப் பேசத் தெரியாதவரு."

பொறியாளரின் பேனா நின்றது. ரசமட்டம் நன்றியோடு சகலையை நோக்கினார். மைத்துனியின் முகம் பெருமையில் மலர்ந்தது. அதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். ஆனால், என் மனைவி அவரைப் பார்த்தாள். "எவ்வளவு நல்ல மனசு!" என்று அந்தப் பார்வை சொல்லிற்று. அப்படியொரு பார்வை என்மீது விழுந்து எத்தனை ஆண்டுகள் ஆயின!

கூரை அவருக்கு. ஒரு விரலில் மூடும் சன்னல் அவருக்கு. இப்பொழுது பெருந்தன்மையும் அவருக்கா? என் வீட்டுக் கூரையை நான் கெடுத்தேன். அந்தப் பழியைக்கூட அவர் வந்து தூக்கிக்கொண்டு போவதா?

"முடியாது!" என்றேன். குரல் வகுப்பறைக் குரலாகவே வெளிப்பட்டது. "அது என்னோட தப்பு. என்னோடது மட்டும். வேற யாருக்கும் அதுல பங்கு கிடையாது."

ரசமட்டத்தின் அக்குளிலிருந்து அந்த உறையை உருவித் தாளை வெளியே எடுத்தேன். ஒரு வரியும் விடாமல் உரக்கப் படித்தேன். கையொப்பத்தையும் நாளையும் சேர்த்தே படித்தேன்.

பொறியாளர் தாளை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு அழகா எழுதி யாரும் சொந்த வீட்டக் கெடுத்துக்கிட்டதில்ல" என்றார்.

"ஏன்யா, இத வெச்சுக்கிட்டா வாய மூடிக்கிட்டு நின்னீங்க?" என்று சகலை கேட்டார்.

"அம்மா முன்னால எப்படிங்க காட்டறது?" என்றார் ரசமட்டம்.

அம்மா என்னிடம் திரும்பினாள். "ஏங்க, ஏழு நாள் முன்னாடி வரதுக்கா நான் இப்ப வாளிக்கு நடுவுல படுத்துக் கெடக்கேன்?"

எனக்கு இலக்கணம் தெரியும். அது வினா அன்று என்பதும் தெரிந்தது.

பொறியாளர் அங்கேயே, தண்ணீர்த் தொட்டியின்மேல் தாளை வைத்து, தீர்வை எழுதினார். சாய்வும் குழாயும் ரசமட்டத்தின் பிழை. ஆதலால் இரண்டு வீடுகளிலும் அவரே தம் செலவில் குழாயை இறக்கி, சாய்வோடு புதிய மேல்தளம் போடவேண்டும். என் விரிசல்களைக் கீறி அடைத்துக் கொடுப்பதும் அவர் வேலை. சன்னலையும் இழைத்துத் தரவேண்டும். நீரை வடித்தது என் பிழை. ஆதலால் புதிய தளத்தில் பாத்தி கட்டியபின், பதினான்கு நாள்களும் காலையும் மாலையும் நீர் நிரப்புவது என் பொறுப்பு. பட்டியலில் பெயர் நீடிக்கும், எச்சரிக்கையோடு. என் இரண்டாம் கோரிக்கையை நானே அடித்துக் கையொப்பமிட்டேன். நீல மையில்தான்.

மூன்று வாரங்களில் வேலை முடிந்தது. இம்முறை ரசமட்டம் என் மாடியில் அந்தக் கருவியை வைத்து, எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். எத்தனை முறை என்று எண்ணினேன். ஒன்பது. சகலையின் மாடியில் எட்டு. எனக்கு ஓரளவு நிறைவாக இருந்தது.

இரண்டு மாடிகளிலும் ஒரே நாளில் நீர் கட்டினோம். விடிந்ததும் நான் ரப்பர் குழாயோடு ஏறினால், சகலை எனக்கு முன்னால் ஏறியிருப்பார்.

"சகலை, மீன் எப்படி இருக்கு?" என்பார்.

"உம்ம மீனைவிடப் பெரிசா இருக்கு" என்பேன். ஏறும் நேரத்தைக் கால்மணி முன்னுக்குத் தள்ளினேன். அவரும் தள்ளினார்.

பதினான்காம் நாள் காலையில் ரசமட்டம் கையில் கடப்பாரையுடன் வந்தார். "ஐயா, பதினாலு ஆச்சு. வரப்ப ஒடச்சுத் தண்ணியத் தொறந்து விட்டுடலாமா?"

நடுச்சுவரின் அந்தப் பக்கம் பார்த்தேன். சகலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் நீரில் நின்றபடி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க மொதல்ல ஒடைங்க. இங்க இன்னும் ஒரு நாள் நிக்கட்டும்" என்றேன்.

"அப்படீன்னா இங்கயும் நிக்கட்டும்" என்றார் சகலை, சற்றும் யோசியாமல். "பதினஞ்சு."

"பதினாறு" என்றேன்.

ரசமட்டம் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். துணி உலர்த்த மேலே வந்த என் மனைவி, இரண்டு மாடிகளிலும் தேங்கியிருந்த நீரையும் அதில் நின்ற எங்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"தங்கச்சி!" என்று நடுச்சுவரைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். "உங்க வீட்டுலயும் இதே கூத்துதானா?"