மூன்று என்றால் மூன்று

அந்தக் காரைப் பார்த்ததும் மெக்கானிக் சிரித்துவிட்டார். இடுப்பு உயரம்கூட இல்லாத, எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் சுமக்கிற இரண்டு பேர் வண்டி. வழவழப்பான தார்ச்சாலைக்கென்றே செய்தது. அதில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், மண்ணும் சரளையும் மலையுமாகப் பந்தயம் ஓட்டப்போகிறோம் என்று அத்தான் சொன்னார். பந்தயக் குதிரையை ஏரில் பூட்டுகிறீர்கள், பூட்டுங்கள், எனக்கென்ன என்றார் மெக்கானிக். ஆனால் அன்று மாலையே ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டார்.

ஐந்து வாரம் வேலை நடந்தது. ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை ஆறு விரற்கடை உயர்த்தினார். அடியில் இரும்புத் தகடு போட்டார். தரைவிரிப்பு, ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, உள்ளே குழாய்களால் ஒரு கூண்டைப் பற்றவைத்தார். வண்டி உருண்டால் கூரை எங்கள் தலையில் இறங்காமல் இருக்க. அது எதற்கு என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன், வேறொரு வண்டியில், நானும் அத்தானும் நாலு உருளல் உருண்டோம். அவருக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத் தோள் எலும்பு இரண்டாக முறிந்தது.

அத்தான் என் அக்கா கணவர். ஓட்டுவது அவர். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் படிப்பது நான். பந்தயத்துக்கு முந்தைய வாரம், சாதாரண வண்டியில் பாதை முழுக்கப் போய், ஒவ்வொரு வளைவுக்கும் நான் ஒரு எண் போட்டு வருவேன். ஒன்று என்றால் வந்த வழியே திரும்புகிற மாதிரியான வளைவு. ஆறு என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம். பந்தய நாளில் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அத்தானுக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் என் குரல் சொல்கிற எண்ணை வைத்துத்தான் மிதிப்பார்.

விபத்துக்குப் பிறகு நான் ஒரு தில்லுமுல்லு செய்துவந்தேன். நான்கு போட வேண்டிய இடத்தில் மூன்று போடுவேன். மூன்றுக்கு இரண்டு. அத்தான் தேவைக்கு மேலேயே வேகத்தைக் குறைப்பார், உயிரோடு வீடு போய்ச் சேருவோம் என்பது என் கணக்கு. யாரிடமும் மூச்சு விடவில்லை. போன வருஷம் பத்தொன்பது வினாடி வித்தியாசத்தில் முதலிடம் கைநழுவியது. அத்தனையையும் தின்றது என் பென்சில்தான் என்று எனக்கு உறுதி. அதனால் இந்தத் தடவை எல்லா வளைவுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதையும் சொல்லவில்லை. சொன்னால் பழையதையும் கக்க வேண்டுமே.

முதல் நாள், முதல் மலைப்பாதை. இருபத்திரண்டு கிலோமீட்டர். கொடி இறங்கியதும் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் அலறியது.

இடது நான்கு என்றேன். அத்தான் பிரேக்கைச் சும்மா தொட்டுவிட்டு விட்டார். வண்டியின் பின்பக்கம் வெளியே வழுக்கி, ஒரு சக்கரம் சாலை ஓரத்தைக் கடித்துத் திரும்பியது. கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். வலது நான்கு. மறுபடியும் அதே வழுக்கல். அடுத்தது இடது மூன்று. அந்த வளைவுக்கு அறுபதில் இருக்க வேண்டிய முள் எண்பத்தைந்தில் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. அவர் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறார். என் திருட்டுத்தனம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் மூன்று என்றால் அவர் காதில் நான்கு என்றுதான் விழுகிறது.

பதினேழாவது கிலோமீட்டரில் ஒரு மேடு, அது முடியும் இடத்திலேயே வலது மூன்று. இடது பக்கம் தடுப்பு கிடையாது. எண் போட வந்தபோது அங்கே இறங்கி எட்டிப் பார்த்திருந்தேன். கீழே ஆறு ஒரு அறுந்த நூல் மாதிரி கிடந்தது.

நோட்டில் இருப்பதில் ஒன்றைக் கழித்துப் படிக்க ஆரம்பித்தேன். கண் ஒரு எண்ணைப் பார்க்க, வாய் வேறொன்றைச் சொல்ல, அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஏழெட்டு வளைவு தாக்குப்பிடித்தேன். பிறகு ஒரு இடத்தில் கழிக்க மறந்தேன், அடுத்ததில் இரண்டைக் கழித்தேன். வளைவு அவர் நினைத்தபடி இல்லை. ஸ்டியரிங்கில் அவர் கைகள் தடுமாறின. பந்தயத்தில் ஒருநாளும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காதவர், ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எனக்கு இருந்த பயம்தான் அவருக்கும் இருந்தது.

மேட்டுக்கு முன்னால் அறுநூறு மீட்டர் நேர்ச்சாலை. பதினைந்து வினாடிகூட வராது.

"அத்தான், இந்தத் தடவை நோட்டுல இருக்கிறது உண்மை. கூட்டாதீங்க."

மைக் வேலை செய்கிறதா என்றே சந்தேகம் வந்தது. வேகம் குறையவில்லை.

"மேடு. வலது மூணு."

"மூணுன்னா?"

"மூணுன்னா மூணு. அக்கா மேல சத்தியம்."

அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். பெல்ட் என் பழைய முறிவின் மேலேயே அழுந்தியது. வண்டி மேட்டில் ஏறி, ஒரு நொடி வானம் மட்டும் தெரிந்து, இறங்கித் திரும்பியது. அவர் ஜன்னலுக்கு வெளியே மலைச்சுவர். என் பக்கம் காற்று. தகட்டில் கற்கள் படபடவென்று அடித்து நின்றன.

முடிவுக் கம்பத்தைத் தாண்டி ஓரம் கட்டியதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

எப்போது கண்டுபிடித்தார் என்று நானே கேட்டேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நாங்கள் ஓடிய முதல் பந்தயத்திலேயே, மூன்றாவது வளைவில் என்றார். சொன்னால் நான் பக்கத்தில் உட்கார வரவே மாட்டேன் என்று விட்டுவிட்டாராம்.

"அப்ப அந்தப் பத்தொன்பது வினாடி?"

"அது நான் கியர் போடுறதுல கோட்டை விட்டது, மாப்ள. உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு வருஷமாகச் சுமந்தது என்னுடையதே இல்லை. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி மூன்று தடவை கைநழுவியது.

"நீ பயந்து எழுதுறேன்னு தெரிஞ்சப்ப எனக்குத் தைரியமா இருந்துச்சு. ஒரு நம்பர் மிச்சம் இருக்குன்னு போவேன். இப்ப மூணுன்னா மூணு. அந்த மேட்டுல எனக்குக் கால் உதறிடுச்சு."

பந்தயத்திலிருந்து விலகிவிடலாமா என்று கேட்டேன். பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம், உள்ளபடியே படி என்றார்.

அடுத்த மலைப்பாதை முப்பத்தொரு கிலோமீட்டர். நான் ஒரு எண் சொல்வேன். இத்தனை வருஷத்தில் இல்லாத வழக்கமாக, அவர் அதைத் திருப்பிச் சொல்வார். இடது நாலு. நாலு. வலது ரெண்டு. ரெண்டு. பிறகுதான் கால் இறங்கும். நாங்கள் ஏழாவது இடத்துக்குப் பின்தங்கினோம். இடத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளைக்கு நூற்றுப் பதினெட்டு வளைவுகள் இருந்தன.