வடிவு பிடித்த கயிறு

"காது ஆறிப்போச்சுன்னு எத்தன தடவ சொல்லுதது..."

"ஆறாதுன்னு டாக்டர் சொன்னத நானும்தான..."

"அது போன மழைக்காலத்துல சொன்னது!"

"அப்படின்னா இப்ப பால் பூத்துல பின்னாலயே நின்னு கூப்பிட்டேனே, ஏன் திரும்பல?"

ஜோதிலிங்கம் இடது காதைத் தேய்த்துக்கொண்டான். டெல்லி மோதி பாக் முழுக்கப் பனி. பால் பாட்டில்களை இடுப்பில் இடுக்கியபடி வடிவு வாசல் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள்.

அவன் கடற்படையில் முக்குளிப்பவன். அந்தமானில், கடலுக்குள் நெடுக நீண்டு கிடக்கும் மரப்பாலத்துக்கு அடியில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கித் தூண்களைத் தட்டிப் பார்ப்பது அவன் வேலை. அங்கேதான் இடது காதின் சவ்வு கிழிந்தது. அதற்காகத்தான் டெல்லியில் இந்த நாற்காலி உத்தியோகம். இப்போது திரும்பப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அந்தக் காதுக்குள் தண்ணீர் புகுந்தால் மேல் எது கீழ் எது என்று தலைக்குத் தெரியாமல் போகும், மேலே வருவதாக நினைத்து ஆழத்துக்கே நீந்துவான் என்று டாக்டர் சொன்னது வடிவுக்கு மறக்கவில்லை.

"அந்தப் பாலத்துக்கு அடியில அப்படி என்னத்த வச்சிட்டு வந்தீய?"

"வெயில்தான். பலகை இடுக்கு வழியா பட்டை பட்டையா எறங்கும் பாரு. தூணெல்லாம் சிப்பி. நான் மூச்சு விட்டா வெள்ளிமீன் கூட்டம் ரெண்டாப் பிளந்து வழி விடும், பின்னாலயே மூடிக்கிடும். மேல ஆளு நடந்தா காதுல இல்ல, நெஞ்சுல கேக்கும். ஒருநா அண்ணாந்து பாத்தா, இடுக்குல செவப்பு வார் செருப்பு. நீதான்."

"நான் மீன் வாங்க வந்தேன். காலடியில புருஷன் கெடக்காருன்னு யாரு கண்டா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அவன் வாசலில் கட்டியிருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்தான். ஒருகாலத்தில் அவனோடு கடலுக்குள் இறங்கிய கயிறு. இங்கே வந்து துணி காயப்போடக் கிடக்கிறது. இந்தப் பனியில் துணியும் காயவில்லை.

"இந்தா, நீ பிடி. ஒரு இழுப்புன்னா 'நல்லாயிருக்கியா'. நானும் ஒண்ணு இழுத்தா நல்லாயிருக்கேன். நாலு இழுத்தா மேல வரணும். எந்தக் கொம்பனா இருந்தாலும் கேள்வி கேக்காம வரணும்."

"இங்க மேல ஏது, கீழ ஏது?"

"நீ நிக்கிற எடம்தான் மேல."

இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தான். குவார்ட்டர்ஸுக்கு முன்னால் வரிசையாக நின்ற வேப்பமரங்கள் பனியில் தலை தெரியாமல், அடிமரம் மட்டும் ஈரக் கறுப்பாக, தூண்களாக நின்றன. முதல் தூணைத் தாண்டினான். அடுத்ததில் பாதி கரைந்தான். பிறகு கயிறு மட்டும் அவள் விரல்களுக்கிடையே மெல்ல ஓடியது. எங்கிருந்தோ "பையா, ஜல்தி!" என்று இந்தியில் யாரையோ அவசரப்படுத்தும் குரல், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல. காலுக்குக் கீழே பலகை அசைவதாகவே இருந்தது வடிவுக்கு. ஒரு இழுப்பு இழுத்தாள். அந்தப் பக்கமிருந்து ஒன்று வந்தது. உடம்பெல்லாம் இனித்தது.

"வடிவு! கண்ண மூடிக்கிட்டேன். நீ கூப்பிடு, குரலுக்கு நேரா வாரேன். வந்து சேந்துட்டா அந்தமானுக்குச் சரின்னு சொல்லணும்."

"அச்சா, சொல்லுதேன்!"

கூப்பிடாமலே இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி ஜெயிக்க அவளுக்கு மனசில்லை.

"இங்கன இருக்கேன், வாங்க!"

கயிறு தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை. மரங்களைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். இன்னும் விலகியது. தடுமாற்றம் ஏதுமில்லை, வீட்டுக்கு வருகிறவனின் நடை அது, கேட்கும் ஒற்றைக் காது காட்டிய, யாருமே இல்லாத திசையைப் பார்த்து.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள். மறுபடி. மறுபடி. மறுபடியும்.

கயிறு நின்றது. விறைப்பாக, பனிக்குள் நீண்டு, அப்படியே.

"நாலு இழுத்துட்டேன். நான் நிக்கிற எடம்தான மேல? வந்துருங்க."