பம்புத் தண்ணீரும் பூசைச் சாம்பாரும்

விடிந்தால் ஆயுதபூசை. என் வீட்டுக்காரர் யாரோ ஒரு சமையல்காரனுக்குச் சொல்லிவிட்டார்! எனக்குக் கல்யாணமானதிலிருந்து எங்கள் துணிக்கடை ஆட்களுக்குப் பூசைச் சாப்பாடு என் கையால்தான். "உன் கல்லுப் பருப்பை எவன் திங்கது? மானம் போயிரும்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார் ராஜரத்தினம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பருப்பைக் கல்லாக்கியது நானா? மந்தைவெளியில் வாடகைக்கு இருந்தவரை என் சாம்பாருக்கு எல்லாரும் ஆலாய்ப் பறந்தார்கள். தி.நகரில் சொந்த வீடு கட்டி, கொல்லையில் அடிபம்பு இறக்கினாரே, அன்றோடு பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்காது. தலைமுடி சிக்குப் பிடிக்கும். பாத்திரத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். ஆனால் பம்பைக் குறை சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தண்ணி பன்னீராட்டம் இருக்கு. உனக்குத்தான் கைப்பக்குவம் போச்சு," என்பார். கார்ப்பரேஷன் குழாயில் கிடைக்கிற தண்ணீரோ குடிக்கவே சரியாகப் போகும்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சடசடவென்று மழை! மொட்டைமாடியில் தாம்பாளங்களைப் பரப்பிப் பிடித்த தண்ணீரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். அடேயப்பா! பூவாய் மலர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாடிக்கு ஒரே ஓட்டம். வேட்டியை நாலு முனையிலும் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே அண்டாவை வைத்தால் மழைத் தண்ணீர் வடிந்து இறங்கும். பழைய வேட்டியெல்லாம் பூசைக்காக வெளுக்கப் போயிருந்தது. கடைக்காக வீட்டில் இறக்கியிருந்த சரக்குக் கட்டிலிருந்து ஒரு புது வேட்டியை உருவிக் கட்டினேன். அண்டா நிறைய நிறைய எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

எதிர் மாடியில் துணி எடுக்க வந்த காமாக்ஷி மாமி கத்தினாள். "அடி புஷ்பம், புது வேஷ்டியையா மழைக்குக் கட்டி வெச்சிருக்கே? கஞ்சின்னா இறங்கும்!"

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாய்க் கொழகொழவென்று கிடந்தது. துணிக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லையே! தலையில் அடித்துக்கொண்டு அத்தனையையும் கொட்டினேன். மழையும் குறைய ஆரம்பித்தது. எனக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து அவர் படியேறி வந்தார். "கடைச் சரக்கை மழையில கட்டியிருக்கியே, கிறுக்கா பிடிச்சிருக்கு?"

கீழே ஓடிப்போய்ப் பருப்பைக் கரண்டியில் எடுத்து வந்து நீட்டினேன். "முதல்ல இதை நசுக்கிப் பாருங்க."

இரண்டு விரலால் நசுக்கினார். வெண்ணெயாய்க் குழைந்தது. "எந்தத் தண்ணில வச்ச?"

"மழைத் தண்ணி. உங்க பம்புத் தண்ணி இல்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "பழைய வேட்டி ஒண்ணுகூட இல்லையா?"

"உங்க இடுப்புல இருக்கதுதான்."

திருதிருவென்று முழித்தார். அப்புறம் சரக்கென்று அவிழ்த்தே விட்டார்! கோடுபோட்ட அண்டர்வேரோடு நிற்கிறார்.

"ஐயோ, மாமி நிக்காங்க!"

"நிக்கட்டும். அந்த முனையைப் பிடிட்டி! மழை விட்டுரப் போவுது!"

மாமி "சிவ சிவா" என்று உள்ளே ஓடினாள். மழை விடவில்லை, பிடித்துக்கொண்டது. அண்டா நிறைகிறவரை இருவரும் தொப்பலாய் நனைந்துகொண்டு நின்றோம். சமையல்காரனை வரவேண்டாம் என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் கடையில் பந்தி; அவரும் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். கணக்குப்பிள்ளை தனபாலன் மூன்றாவது தடவை சாம்பார் கேட்டார். "இன்னா மொதலாளி, சமையல்காரர் வராருன்னீங்க, இது யாரு வெச்சது? சூப்பரா கீது!"

"எங்க வீட்டம்மா வச்சது," என்றார் அவர். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார். "இத்தனை நாளா அவளைக் குறை சொன்னேன். கோளாறு என் பம்புல. அவ கையில இல்ல."

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார்! நான் கதவுக்குப் பின்னால் போய் ஒரு மூச்சு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியோடு வந்தேன். தனபாலன் இலையை நீட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரர் இலையில்தான் முதலில் ஊற்றினேன்.