முகட்டுத் தகரம்

வெயில் ஏற ஏற அந்தக் கொட்டகை நீளும். நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். தகரம் சூடானால் நீளும் என்பது தெரிந்த விஷயம்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

காலையில் உள்ளே வரும்போது வாசல் கதவு பக்கத்திலேயே இருக்கும். முதல் டீக்குள் அது தெருக்கோடித் தூரத்துக்குப் போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் கதவு ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குப் பிறகு யாரும் வெளியே போக நினைப்பதில்லை. பொழுது சாய்ந்து தகரம் ஆறியதும் கொட்டகை சுருங்கும். கதவு தானாகவே வந்து நிற்கும். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கோயமுத்தூருக்கு மேற்கே, காட்டை அழித்துக் கட்டிய தொழிற்பேட்டையில் இருந்தது அந்தக் கொட்டகை. மயிலாத்தாள் அங்கே பம்பு மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றினாள். அவளோடு இன்னும் பல பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றினார்கள். வெக்கை காலையில் கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு மெல்ல இறங்கும். பிற்பகலில் தோள் உயரத்துக்கு வந்து நிற்கும். அதற்கு மேல் கையைத் தூக்கினால் கை கொப்பளித்துவிடும். ஆகவே எல்லோரும் குனிந்து நடந்தார்கள். மேனேஜர் நாகமாணிக்கம் மட்டும் குனியமாட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி காலால் உந்திக்கொண்டே மேற்பார்வை பார்ப்பார்.

மயிலாத்தாளுக்கு இடப்பக்கம் ருக்குமணி. வாய் ஓயாதவள். சீரியலில் நேற்று நடந்ததையும், நாளைக்கு நடக்கப்போவதையும், நடந்திருக்க வேண்டியதையும் சொல்லிக்கொண்டே சுற்றுவாள். மயிலாத்தாள் சீரியல் பார்ப்பதில்லை. ஆனாலும் எல்லாக் கதையும் அவளுக்குத் தெரியும்.

பங்குனியில் ஒரு நாள் ருக்குமணி பாதிக் கதையில் எழுந்தாள்.

“சித்த காத்து வாங்கீட்டு வந்தர்றேன்” என்றாள்.

“இந்நேரத்துக்கா?”

“கதவு தெரியுதல்ல.”

புள்ளியைப் பார்த்து நடந்தாள். முதுகு சிறிதாகிக்கொண்டே போயிற்று. பிறகு அதுவும் ஒரு புள்ளி ஆனது. சாயங்காலம் கொட்டகை சுருங்கியது. கதவு வந்தது. ருக்குமணி வரவில்லை.

அவள் கணவர் ஆறுச்சாமி வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். மேனேஜரிடம் கேட்டார்.

“உள்ளதான் இருக்கறாங்க” என்றார் மேனேஜர்.

“கூப்புடுங்க.”

“வந்துட்டேதான் இருக்கறாங்க.”

“எப்ப வருவாளுங்க?”

“கதவுக்கு வந்ததுமேங்க.”

ஆறுச்சாமி யோசித்துப் பார்த்தார். அதில் தவறு ஒன்றும் அவருக்குப் புலப்படவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். கதவு போகும்போது அவரும் கதவோடு தூரமாகிப் போவார். சாயங்காலம் கதவோடு திரும்பி வருவார்.

மயிலாத்தாளின் இடப்பக்கம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பிற்பகல் கம்பியை வைத்துவிட்டுத் தகரச் சுவரில் காதை வைத்தாள். காது சுட்டது. எடுக்கவில்லை. எங்கேயோ யாரோ விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

“ருக்கு” என்று தகரத்துக்குள் கூப்பிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

“சொல்லு மயிலா.”

“எங்கிருக்கற?”

“கதவு தெரியுது. கிட்டத்தான்.”

“எப்பத்திலிருந்து தெரியுது?”

“கெளம்புனதிலிருந்து.”

“பசிக்குதா?”

“பசிக்கல. வேர்த்துட்டே இருக்குது. அந்தப் பொண்ணு மாமியாகிட்ட உண்மையச் சொல்லீட்டாளா?”

மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாழ்க்கையில் முதன்முறையாக சீரியல் பார்த்தாள். மறுநாள் தகரத்தில் வாய் வைத்துச் சொன்னாள். அந்தப் பெண் இன்னும் சொல்லவில்லை என்று. ருக்குமணி அழுதாள். கதைக்காக அழுதாளா என்று கேட்க மயிலாத்தாளுக்கு மனம் வரவில்லை.

அவள் நேராக மேனேஜரிடம் போனாள். குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

“முகட்டுத் தகரத்தக் கழட்டுங்க. வெக்கை மேல போயிரும். மேக்க சுவத்துல அடித்தகரத்தக் கழட்டுங்க. காத்து உள்ள வரும். கொட்டக நீளாது. ருக்கு வந்துருவா.”

“நெசந்தானுங்க” என்றார் நாகமாணிக்கம். “வெக்கை மேலதான் போகும். எனக்குந் தெரியும்.”

“அப்பறம்?”

“காத்து வந்தா எங்க நிக்கும்? எடம் எங்க இருக்குது?”

“நிக்காதுங்க. வந்துட்டுப் போயிரும்.”

“போறது எதுக்கு வரோணும்?”

மேனேஜர் பெரிய ஃபேனைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேலே நின்று அது சுற்றிக்கொண்டிருந்தது.

“ஃபேன் இருக்குதல்ல.”

“அது இங்கிருக்கற வெக்கையையே எடுத்து எங்களுக்குத் தருதுங்க.”

“வெளியிலிருந்து எதையும் வாங்காம நடத்தறம்” என்றார் மேனேஜர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் முதலாளியிடம் போனாள். கொட்டகைக்குள்ளேயே கண்ணாடி அறை கட்டி அதில் ஏ.சி. போட்டிருந்தார். ஏ.சி.யின் பின்பக்கப் பெட்டி பெண்கள் உட்காரும் வரிசையைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. முதலாளி ஸ்வெட்டர் போட்டுக் காதை மூடிக் குல்லா மாட்டியிருந்தார். மேசையில் இருந்த காப்பி உறைந்து போயிருந்தது. அதை ஸ்பூனால் கொத்திக்கொண்டிருந்தார்.

“கதவச் சாத்துங்க. குளிரு போயிரும்.”

சாத்தினாள். மேனேஜரிடம் சொன்னதையே சொன்னாள். அவர் நடுங்கிக்கொண்டே பேசினார்.

“நீங்க வெக்கைங்கறீங்க. எனக்குக் குளிருது. ரெண்டையும் சேத்துப் பாத்தீங்கன்னா கொட்டக சரியாத்தான் இருக்குது.”

“அப்பச் சேத்துப் பாக்கலாமுங்க” என்று மயிலாத்தாள் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, தன் தண்ணீர்க் கூஜாவை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். முதலாளி எழுந்து வந்து கூஜாவை நகர்த்துவதற்குள் அறையில் ஒரு மாம்பழம் பழுத்துவிட்டது. மாம்பழம் எப்படி அங்கே வந்தது என்று அவர் கேட்கவில்லை.

“தகரத்துல கை வெக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில், தகரம் ஜில்லென்று இருக்கும்போதே மயிலாத்தாள் ஏணியைச் சாத்தினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினாள். கீழே ஜெயக்கொடி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஜெயக்கொடி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவள். மற்ற பெண்கள் மேற்குச் சுவருக்குப் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரிடமும் ஆளுக்கொரு ஸ்பேனர் இருந்தது.

மேனேஜர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“எறங்குங்க.”

அவள் வாயிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

“மாட்டனுங்க.”

“யாரக் கேட்டுட்டு ஏறுனீங்க?”

“உங்களக் கேட்டனுங்க. முதலாளியக் கேட்டனுங்க. இன்னிக்குத்தான் யாரையுங் கேக்கல.”

முதல் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. அவள் முழு உடம்பையும் அதன்மேல் போட்டாள். அது கத்திக்கொண்டே கழன்றது. உள்ளங்கை கிழிந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். கையெல்லாம் துருவும் ரத்தமும் ஒரே நிறத்தில் இருந்தன. வெயில் ஏறத் தொடங்கியது. காலுக்குக் கீழே தகரம் மெல்ல நகர ஆரம்பித்ததை உணர்ந்தாள். முகடு இரண்டு பக்கமும் இழுபட்டது. போல்ட்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகின. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அடுத்த போல்ட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். அவள் ஓடி ஓடிக் கழற்றினாள்.

கடைசி போல்ட் கழன்றதும் முகட்டுத் தகரம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

வெக்கை உடனே வெளியே வரவில்லை. பழகிய இடத்தை விட அதற்கு மனமில்லை. அந்த நேரத்தில் கீழே பெண்கள் மேற்குச் சுவரின் அடித்தகரத்தைப் பிடுங்கினார்கள்.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று இத்தனை வருடமும் அந்தச் சுவருக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தது. நின்று நின்று அங்கே புல்லெல்லாம் படுத்திருந்தது. திறந்ததும் அது யாரையும் பார்க்காமல் உள்ளே நுழைந்தது. பெண்களின் கணுக்காலை முதலில் தொட்டது. பிறகு முழங்கால். ஜெயக்கொடி “ஐயோ, ஜில்லுங்குது” என்றாள். கொட்டகையில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் சொன்னாள்.

காற்று கீழிருந்து தள்ளியது. வெக்கை முகட்டு வழியே புறப்பட்டது. முதலில் அன்றைக்கு வந்த வெக்கை. பிறகு போன கோடையின் வெக்கை. அதற்குப் பின்னால் கொட்டகை கட்டிய வருடத்தின் வெக்கை, பழுத்து மஞ்சளாக, தள்ளாடிக்கொண்டு வந்தது. அதில் பழைய பெருமூச்சுகள் இருந்தன. யாரோ வாய்க்குள் முணுமுணுத்த திட்டுகள் இருந்தன. மயிலாத்தாள் ஒதுங்கி வழி விட்டாள்.

முதலாளி ஸ்வெட்டரோடு வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தார்.

“அது என்னோட வெக்கைங்க” என்றார். “இத்தன வருசம் சேத்தது.”

“போய்ப் புடிச்சுக்கோங்க” என்றாள் மயிலாத்தாள் மேலிருந்து.

அவர் உண்மையிலேயே கொஞ்ச தூரம் கை நீட்டியபடி ஓடினார்.

உச்சி வெயில் வந்தது. கொட்டகை முனகியது. நீளப் பார்த்தது. காற்று அதற்குள் புகுந்து போய்க்கொண்டேயிருந்தது. தகரம் ஒரு முறை படபடத்து, நின்ற இடத்திலேயே நின்றது. கதவும் நின்றது. கதவோடு ஆறுச்சாமியும் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அன்றைக்குத் தான் எங்கேயும் போகவில்லை என்பதை அவர் உடனே கவனிக்கவில்லை.

தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு செருப்புச் சத்தம். கொட்டகையின் நடுவிலிருந்து ருக்குமணி நடந்து வந்தாள். செருப்பின் அடி கரைந்து வார் மட்டும் காலில் இருந்தது. தலைமுடியில் உப்புப் பூத்திருந்தது. யாரிடமும் நிற்காமல் எல்லோரையும் கடந்து கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். அது அங்கேயே இருக்கிறதா என்று சோதிப்பதுபோல ஒரு முறை கையை எடுத்து மறுபடியும் வைத்தாள். திறந்தாள்.

ஆறுச்சாமி எழுந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் தூக்கை நீட்டினார்.

“சோறு ஆறிப்போச்சு” என்றார்.

“ஆறட்டும்” என்றாள் ருக்குமணி. வாசலில் உட்கார்ந்து அங்கேயே சாப்பிட்டாள். முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

மேனேஜர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“சரிங்க, அவங்க வந்துட்டாங்க. காரியம் முடிஞ்சுது. தகரத்தப் போட்டுட்டு எறங்குங்க.”

மயிலாத்தாள் முகட்டில் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். தொழிற்பேட்டையின் மற்றக் கொட்டகைகள் நீண்டுகொண்டிருந்தன. ஒன்று மலையைத் தாண்டிப் போயிருந்தது. இன்னொன்று ரயில் பாதையைக் கடந்து கிடந்தது. இரண்டு ரயில்கள் அதற்காகக் காத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் கதவு இருந்தது. ஒவ்வொரு கதவும் ஒரு புள்ளி.

“எறங்குங்கன்னு சொன்னன்” என்றார் மேனேஜர்.

அவள் கழற்றிய முகட்டுத் தகரத்தை எடுத்தாள். பக்கத்துக் கொட்டகையின் கூரைக்குப் பாலம்போலப் போட்டாள். நடந்து போனாள். அந்தக் கூரை பாதத்தைச் சுட்டது. நிற்காமல் முகட்டுக்கு ஏறி மண்டியிட்டு உட்கார்ந்தாள். கீழே அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு மேனேஜர் இன்னொரு சக்கர நாற்காலியில் உருண்டு வந்தார்.

“ஏனுங்க, அது எங்க கூரைங்க.”

“தெரியுதுங்க” என்று சொல்லி மயிலாத்தாள் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள்.